கண்ணில் ஒற்றிய ஈரம்

சிங்கப்பூரின் மார்கழிக்குப் பனி கிடையாது, மழைதான். வடகிழக்கில் எழும் முகில் கடலின் மேல் கறுத்து, அடுக்குமாடிகளின் தோளில் சாய்ந்து, நாள் முழுதும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஞாயிறு எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது என்று எவரும் அறியாமலே பகல் ஒன்று வரும், ஒன்று போகும். சுவர்கள் வியர்க்கும். உலர்த்திய துணி உலராது. எண்ணெயில் ஊறிக் கிடக்கும் திரியும் சுடரேந்தத் தயங்கும். நிலத்துக்கு உரிய ஈரம் நிலத்தில் நில்லாமல் படியேறி, வாயில் கடந்து, உறங்குகிறவரின் எலும்பு வரை வந்து தங்கும் காலம் அது. இறைவன் திருவடியை நினைப்பதற்கென்றே முன்னோர் ஒதுக்கி வைத்த திங்களும் அதுவே.

அம்பலவாணருக்கோ அவ்வாண்டு தம் சொந்த அடிகளின் நினைவே பெரிதாய் இருந்தது. சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்வை ஓராண்டாகத் தின்று தீர்த்திருந்தது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்பு கழன்றாலும் தெரியாது. இடக்காலின் பெருவிரல் கறுத்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் அதை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விரலோடு நிற்குமா, முழங்கால் வரை போகுமா என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மனைவி மெல்பர்னில் மூத்த மருமகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாய் இருந்தாள். வீட்டில் அவரும் மகள் வினுஷாவும் மட்டும்.

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த நூர்தீன்தான் அந்த வெந்நீர் ஊற்றை நினைவூட்டினார்.

"செம்பவாங் ஊத்துல காலை வைங்க அம்பலவாணரே. காசு இல்ல, டிக்கெட் இல்ல. எங்க மாமா போயிட்டு வந்து இப்ப நடக்கிற நடைக்கு எனக்கு மூச்சு வாங்குது லா."

"சுடுதண்ணி கூடாதெண்டு டாக்டர் சொன்னவர். வெந்தாலும் எனக்குத் தெரியாது, நூர்தீன்."

"நான் கை வச்சுப் பார்த்துச் சொல்றேன். அப்புறம், உங்க யாழ்ப்பாணத் தமிழுக்கு அடியில சப்டைட்டில் போடுங்க. முப்பது வருஷமா கேக்குறேன், பாதிதான் புரியுது."

மகளிடம் சொல்லாமல் அம்பலவாணர் அவருடைய வேனில் ஏறினார்.

மழை தூறலாய் மெலிந்திருந்த காலை. பூமியின் ஆழத்திலிருந்து தானாய்ப் பொங்கும் நீர், மேல்தட்டில் கொதித்து, தட்டுத்தட்டாய் வழிந்து, கடைத்தட்டுக்கு வரும்போது கால் தாங்கும் சூட்டுக்கு அடங்கியிருந்தது. நெடுநேரம் முட்டை வேகவைத்த பாத்திரத்தைத் திறந்தாற்போலக் கந்தக வாடை. குடையின் கீழ் ஒரு சீனத் தம்பதியர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். பிறகு ஒருவரும் இல்லை. தூறல் துளிகள் நீரில் விழுந்த இடமெல்லாம் ஆவி எழுந்து, எதிர்க்கரையின் கல்லிருக்கை வெள்ளைத் திரைக்குப் பின்னே தோன்றியும் மறைந்தும் கொண்டிருந்தது.

நூர்தீன் முழங்கை வரை நீருக்குள் விட்டுப் பார்த்தார். "குழந்தையைக் குளிப்பாட்டலாம். உக்காருங்க, நான் வேன்ல இருந்து துண்டை எடுத்துட்டு வந்துடுறேன்."

அம்பலவாணர் பாதங்களை இறக்கினார். சூடில்லை, ஈரமில்லை, கணுக்கால் வரை தாம் இருக்கிறார், அதன்பின் இல்லை. கண்களை மூடி, மார்கழிக்கு உரிய துதியை வாய்க்குள் முணுமுணுத்தார். திருவடி என்னும் சொல் நாவில் வந்த அந்தக் கணத்தில், அவருடைய இடப்பாதம் எதன்மீதோ பட்டது.

அவருக்கு அது தெரிந்தது.

ஓராண்டாய் ஒன்றும் அறியாத உள்ளங்காலின் கீழ் மென்மையாய், வெதுவெதுப்பாய், நரம்போடும் இன்னொரு பாதத்தின் மேற்புறம். உணர்வு மீண்ட மகிழ்ச்சி நெஞ்சில் எழுமுன்னே கை எழுந்துவிட்டது. கால் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்வது அறிவு ஆராய்ந்து செய்யும் செயலன்று. புத்தகத்தில் பட்டாலும், உறங்கும் குழந்தைமேல் பட்டாலும், பேருந்தில் முன்பின் அறியாதவர்மேல் பட்டாலும் கை தானே போகும். அவர் குனிந்து நீருக்குள் விரல்களை விட்டு அந்தப் பாதத்தைத் தொட்டார். நெடுங்காலம் ஊறிய தோல். விரலோடு சற்றே நகர்ந்து கொடுத்தது. விரல்களை எடுத்து வலக்கண்ணில் ஒற்றினார்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"நல்லா இரு," என்றது ஒரு முதிய குரல், கனிவாக.

இடக்கண்ணுக்குக் கொண்டுபோன விரல்கள் அங்கே சேரவில்லை. ஆவி விலகியிருந்தது. எதிரே இருக்கை வெறுமையாய் இருந்தது. கடைத்தட்டு முழுதும் வெறுமையாய் இருந்தது. தெளிந்த நீரின் அடியில் அவருடைய இரண்டு பாதங்கள். அவற்றின் முன்னே, அவரை நோக்கித் திரும்பியபடி, இன்னும் இரண்டு. கணுக்காலுக்கு மேலே நீர்தான் இருந்தது.

மீண்டும் ஆவி மூடியது.

"யார்ட்ட பேசுறீங்க?" துண்டோடு வந்த நூர்தீன் கேட்டார்.

"எனக்கு முன்னால ஒருத்தர் இருந்தவரோ?"

"இந்த மழையில உங்களையும் என்னையும் விட்டா வேற எந்தப் பைத்தியம் வரும்? வாங்க, காலைத் துடைங்க."

அன்று மாலை பூசையறையில் விளக்கேற்றியபோது கருகும் வாடை வந்தது. திரி எரிகிற வாடை அன்று. குனிந்து பார்த்தார். சுடர் அவருடைய வலக்கை விரல்நுனியில் நின்று எரிந்துகொண்டிருந்தது. விரலுக்கு அது தெரியவில்லை. நீருக்குள் போன அந்த விரல்களேதாம். வலக்கண்ணின் ஓரத்திலும் வெண்மையாய் ஏதோ எழுந்து அசைந்தது. துடைத்தும் போகவில்லை.

பெருவிரலின் கறுப்போ நாளுக்கு நாள் வெளுத்து வந்தது.

"அப்பா, இங்க பாருங்களேன்! பிங்க் ஆயிடுச்சு." வினுஷா தரையில் அமர்ந்து, கைபேசி வெளிச்சத்தை அவர் பாதத்தில் அடித்து, பேனா முனையால் மெல்லத் தொட்டாள். "தெரியுதா? இங்க? இங்க தெரியுதா?"

"ஓம் பிள்ளை. தெரியுது."

அவள் அழுதுவிட்டாள். விரல் போகாது, கால் போகாது என்ற நிம்மதியில் தாய்க்கு அழைத்து அந்தப் பாதத்தையே காட்டினாள். அவர் சிரிக்க முயன்றார். மகளின் முகத்தில் பாதி அவருக்கு ஆவிக்குள் இருந்தது. நோய் காலை விட்டுக் கைக்கும் கண்ணுக்கும் ஏறிவிட்டது என்று முதலில் எண்ணினார். ஆனால் நோய் இவ்வளவு ஒழுங்காய் இடம் தேர்ந்தெடுக்குமா? தொட்ட விரல்கள். ஒற்றிய கண். மற்றைக் கண் தெளிவாகவே இருந்தது. நல்லா இரு என்று அந்தக் குரல் காலைத்தான் வாழ்த்திற்று. வணங்கிய உறுப்புகளைக் காணிக்கையாய் எடுத்துக்கொண்டது. அந்த எண்ணத்தை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நூர்தீனிடம் கண்ணில் புகை என்று மட்டும் சொன்னார். "கேட்டராக்ட் லா, வயசாச்சுல்ல," என்று நூர்தீன் நெற்றியில் தட்டினார்.

லிட்டில் இந்தியாக் கோயிலின் விடியற்காலைப் பாட்டுக்கு அவர் குரல்தான் முதற்குரல். வழக்கம்போலப் போனார். துதிகள் ஒவ்வொன்றும் அடி போற்றி அடி போற்றி என்றே முடிவன. முதல் போற்றிக்குச் சாம்பிராணியை ஊடுருவிக் கந்தக வாடை எழுந்தது. இரண்டாம் போற்றிக்கு அவர் அமர்ந்திருந்த கல் வெதுவெதுத்தது. மூன்றாம் போற்றியை அவர் சொல்லவில்லை. சூழ இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்து, ஒருவர் முகத்தையும் பாராமல், மழைக்குள் நடந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஈரம் கண்டது.

மழைக்காலத்து ஈரம் என்று மகள் எண்ணியிருப்பாள். உணர்வு மீளாதிருந்தால் அவரும் அறிந்திரார். மீண்ட பாதம் எல்லாவற்றையும் அறிந்தது. காலையில் கூடத்தைக் கடந்து பூசையறைக்குப் போகையில் குளிர்ந்த தரையில் ஓரிடம் சுட்டது. நின்றார். குதிகாலின் வட்டம், உள்ளங்காலின் வளைவு, விரல்களின் சிறு பள்ளங்கள். தம் பாதத்தின் கீழே இன்னொரு பாதத்தின் வடிவில் நீர். சற்று முன்னே இன்னொன்று. அவை வாயிலிலிருந்து வந்தன. திரும்பிப் போன சுவடு இல்லை.

அவர் தரையில் கால் வைப்பதைக் குறைத்தார். சோபாவில் சம்மணமிட்டு அமர்ந்தார். உண்பதும் அங்கே, படிப்பதும் அங்கே. படுக்கும்போது போர்வையைக் கால்களுக்கு அடியில் செருகிக்கொண்டார். சொல்லலாமா என்று மகளை எத்தனையோ முறை நோக்கினார். நீருக்குள் உடலில்லாத கால்களைக் கண்டேன், வணங்கினேன், அவை என்னோடு வந்துவிட்டன. எந்த மகள் நம்புவாள்? நம்பினால்தான் அவள் நிலை என்ன?

அந்தத் திங்கட்கிழமையும் விடியாமலே விடிந்தது. வினுஷா தஞ்சோங் பகாரில் வேலைக்குச் சேரும் முதல் நாள். மழை சன்னலில் விரல்களால் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. பூசையறை விளக்கு மட்டும் எரிந்தது, கூடம் அரையிருள். அம்பலவாணர் சோபாவில், வேட்டி போர்த்திய சம்மணத்தில், கண்ணை விழித்தபடி இருந்தார்.

வாடை வந்தது.

சோபாவின் முன்னே, தரையில், இருள் சற்றே அடர்ந்திருந்தது. வலக்கண்ணுக்கு ஆவி. இடக்கண்ணுக்கு ஒன்றும் துலங்கவில்லை. தலைக்கு மேலே, மிக அருகே, யாரோ மூச்சை மெல்ல இழுத்தார்கள்.

"அப்பா, நேரமாச்சு!" திருநீறு துலங்கும் நெற்றியோடு மகள் வந்தாள். புதுச் சட்டை, தோளில் பை. "ஆசீர்வாதம் பண்ணுங்க. ட்ரெயின் போயிடும்."

"வேண்டாம் பிள்ளை. அங்கயே நில். அங்க நிண்டு கும்பிடு."

"முதல் நாள்பா. உங்க கால்ல விழாமப் போனேன்னு தெரிஞ்சா அம்மா மெல்பர்ன்ல இருந்தே திட்டுவாங்க."

"லைட்டைப் போடு. வினு, லைட்டைப் போடு!"

அவள் சிரித்தாள். கோயிலில் கும்பிடும்போது மூடுவதுபோல் கண்களை மூடிக்கொண்டாள். பையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்தாள்.

அவர் கால்களைப் பிரிக்க முயன்றார். மரத்துப் போயிருந்தன. தரையில் வைத்துவிட வேண்டும். அவள் விரல்களுக்கு முன்னே. தம் கால்களை. தம் கால்களை அங்கே.

முடியவில்லை.

அவர் கைகள் வேட்டிக்குள் தம் பாதங்களைப் பற்றியிருந்தன. இரண்டையும். இறுக.

மகளின் விரல்கள் சோபாவின் அடியோரத்து இருளில் இறங்கின. தேடவில்லை. பாதங்கள் அங்கே இருந்தன.

"அப்பா, கால் ஏன் இவ்வளவு சூடா இருக்கு?"

அவர் வாய் மட்டும் திறந்தது.

அவள் நனைந்த விரல்களை உயர்த்தினாள். மெதுவாக, பக்தியோடு, வலக்கண்ணில் ஒற்றினாள். பிறகு இடக்கண்ணில் ஒற்றினாள்.

அவருடைய தலைக்கு மேலிருந்து, மழையினும் மென்மையாக, அந்தக் குரல் வந்தது.

"நல்லா இரு, தாயி."