சென்ட்ரியில் இறங்காத சைக்கிள்

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.

தோப்பூருக்குத் தெற்கே வயல் விதைத்தவர்கள் எல்லோரும் அன்று விடிந்ததும் வட்டவிதானை வீரக்குட்டியைத்தான் திட்டினார்கள். மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் மனிதர் அவர்தான். குடித்துவிட்டுப் படுத்திருப்பார் என்று முணுமுணுத்தபடி ஒருவர் வயலுக்குக் குறுக்கால் மதகடிக்குப் போனார்.

வீரக்குட்டி படுத்துத்தான் கிடந்தார்.

மதகுக்குள்... குப்புற... பின்மண்டை பிளந்து!

தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது அவருடைய உடம்பு.

பக்கத்துச் சேற்றில் ஒரு சைக்கிள் தடம். முள்ளு முள்ளாகப் பல் பதித்த தடம். அந்த மாதிரி டயர் மூதூர் தொடக்கம் வெருகல் வரைக்கும் ஒரே ஒரு சைக்கிளில்தான் இருந்தது.

பொலிஸ் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தது. தடம் வாய்க்கால் கரைக்கட்டால் வந்து, ஊருக்குள் திரும்பி, யோகமலரின் வேலியோரம் வந்து நின்றது.

சைக்கிளும் அங்கேயே நின்றது. சக்கரத்தில் சேறு இன்னும் காயவில்லை.

சைக்கிளின் சொந்தக்காரன் கோணேசமூர்த்தி, யோகமலரின் புருஷன், சங்கக்கடை மனேஜர். காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தவனைப் பாயோடு எழுப்பி முற்றத்தில் இருத்தினார்கள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஊருக்குச் சிங்களம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் தங்கரத்தினம் நின்றார். ஆமி முகாமுக்கு மரக்கறி கொடுப்பவர். அடையாள அட்டை தொலைந்தாலும், ஆளே தொலைந்தாலும், ஊர் அவரைத்தான் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போகும். ஊரின் வாய் அவர்.

“தம்பி, இந்தச் சைக்கிள் ஆர் தந்தது எண்டு இன்ஸ்பெக்டர் மாத்தயா கேக்கிறார்.”

“வாய்க்கால் திருத்த வந்த வெள்ளைக்கார இஞ்சினியர். ஊருக்குப் போகக்குள்ள தந்திட்டுப் போனவர்.”

“வாய்க்கால் கட்டால, காட்டுக்கால எல்லாம் ஓடித் திரியிறனீராம். எங்க போறனீர்?”

“எங்கயும் இல்ல அண்ணன். சும்மா.”

“சும்மா எண்டா?”

“பள்ளத்தில விட்டு மேட்டில ஏத்தினா... மனசுக்கு ஒரு சந்தோசம். அவ்வளவுதான்.”

தங்கரத்தினம் அதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். சண்டை நடக்கிற நாட்டில் சந்தோசத்துக்காகக் காட்டுக்குள் சைக்கிள் ஓடுகிறேன் என்றால் எந்தப் பொலிஸ் நம்பும்? காரணம் ஏதும் இருந்திருந்தால்கூடப் பொய் என்று விட்டிருப்பார்கள். காரணமே இல்லை என்றதும் பெரிய காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“நேற்றுப் பின்னேரம் எங்க நிண்டனீர்?”

“பாயில. காய்ச்சல். எழும்பவே ஏலாமக் கிடந்தனான்.”

“ஆர் சாட்சி?”

கோணேஸ் பெண்சாதியைப் பார்த்தான். யோகமலர் நிலத்தைப் பார்த்தாள். தங்கச்சிக்குப் பிரசவம் என்று நேற்று முழுக்க மூதூரில் நின்றுவிட்டு, விளக்கு வைக்கும் நேரம்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“சென்ட்ரியில நிண்ட ஆமிக்காரர் என்ன சொல்றாங்கள் அண்ணன்? கட்டால போன ஆள அவங்கள் கண்டிருப்பாங்கள்தானே?” என்று கேட்டாள்.

தங்கரத்தினம் கேட்டுச் சொன்னார். “ஒருத்தரும் போகல்லையாம்.”

“இப்ப என்ன செய்யப் போறாங்கள்?”

“மத்தியான லோஞ்சில திருகோணமலை. துறைமுகத்தில இறக்கி, அங்கால கொழும்பு.”

அந்த லோஞ்சுப் படகில் ஏற்றப்பட்டவர்களை யோகமலருக்குத் தெரியும். திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் தெரியாது.

ஜீப் போய்விட்டது. சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை வேலியைத் தாண்டி வந்தாள். நாக்கில் கத்தி வைத்திருப்பவள். மனசு மட்டும் பஞ்சு.

“அழுதுகொண்டு இருந்தா லோஞ்சு காத்திருக்குமா புள்ள? எழும்பு.”

“நான் என்ன செய்ய அக்கா? தடம் எங்கட வேலியிலதானே வந்து முடியுது.”

“முடிஞ்சா? அந்தச் சைக்கிளுக்குப் பூட்டும் இல்ல, கேள்வியும் இல்ல. கியர் மாத்திப் பாக்கிறம் எண்டு ஊரே எடுத்து ஓடிப்போட்டுக் கொண்டு வந்து சாத்துது. போன கிழமை என்ட மனிசனும் எடுத்துப் பத்தைக்குள்ள விழுந்து வந்தவர்.”

“அப்ப நேற்று எடுத்தது ஆர்?”

அன்னப்பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். “வீரக்குட்டியர் தேத்தண்ணிக் கடையில வாயத் திறந்தவர் தெரியுமா? எங்கட பொடியன்மாரிட பேர முகாமுக்குக் குடுக்கிறது ஆரெண்டு தனக்குத் தெரியுமாம். வெள்ளிக்கிழமை கோயில் கூட்டத்தில சொல்றன் எண்டவர்.”

“ஐயோ...”

“வெள்ளிக்கிழமை வர விட்டாங்களா பாத்தியா?”

இரண்டு பேரும் வாய்க்கால் கட்டுக்கு நடந்தார்கள். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் மருத மரக் காடு. நேற்று மத்தியானம் பெய்த மழை பழைய தடங்களை எல்லாம் கழுவியிருந்தது. பொலிஸ் சப்பாத்துகள் கட்டின் நடுவால் போயிருந்தன. சைக்கிள் தடம் மட்டும் தனியே ஓரத்துச் சேற்றால் நெளிந்து நெளிந்து போனது.

காடு தொடங்கும் இடத்தில் சென்ட்ரி, ஆமியின் காவலரண். மண்மூட்டை, தகரப் பீப்பா, துவக்கோடு ஓர் ஆமிக்காரன்.

அந்த இடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டாத சட்டம். சென்ட்ரி தெரிந்ததும் சைக்கிளால் இறங்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். உருட்டிக்கொண்டு நடந்து, கடந்து கனதூரம் போன பிறகுதான் ஏறலாம். மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் இறங்க வேண்டும். மறந்துபோய் இறங்காமல் விட்ட ஒருவனைச் சுட்டே போட்டார்கள். அதற்குப் பிறகு ஊர்ச் சனம் சென்ட்ரி இல்லாத இடத்திலும் இறங்கியது.

யோகமலர் சேற்றைப் பார்த்தாள். நின்றாள். மறுபடியும் பார்த்தாள்.

“அக்கா... காலடி எங்க?”

“என்ன காலடி?”

“இறங்கி உருட்டினா சைக்கிள் தடத்துக்குப் பக்கத்தில காலடி இருக்கோணுமே. இது சென்ட்ரிக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.”

அன்னப்பிள்ளை குனிந்து பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இவன் ஏறி இருந்தபடியே போயிருக்கான் புள்ள.”

“அவர் ஆமிப் படம் போட்ட கலண்டரைக் கண்டாலும் இறங்கிற மனுசன் அக்கா. அவர் இல்ல. இது சென்ட்ரிக்காரனுக்குப் பழக்கமான ஆள்.”

ஆமிக்காரன் பொய் சொல்லவில்லை. வழக்கமாகப் போகிறவனை அவன் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

“இத இன்ஸ்பெக்டரிட்ட நேர சொல்லு. அதுக்கு முன்னால ஒரு குருவிக்கும் மூச்சு விடாத,” என்றாள் அன்னப்பிள்ளை.

யோகமலர் மூச்சு விடவில்லை. ஆனால் நேரே சொல்வதற்குச் சிங்களம் வேண்டுமே! தன்னுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கரத்தினத்தின் கடைக்குப் பறந்தாள்.

“அண்ணன், நான் பொலிசுக்குப் போகோணும். தடத்தில ஒரு விசயம் கண்டனான். அங்க வந்து சொல்றன். நீங்கள் மாத்தயாவுக்கு விளங்கப்படுத்தினாப் போதும்.”

“அதுக்கென்ன தங்கச்சி. கோணேசுக்காகச் செய்யமாட்டனா?” அவர் கடையைச் சாத்திவிட்டு உடனே சைக்கிளை எடுத்தார். அந்த வேகத்தில் யோகமலருக்குக் கண் கலங்கியது. நல்ல மனுசர் என்று நினைத்தாள்.

லோஞ்சு கட்டும் ஜெட்டிக்குப் போகும் வீதியால் இரண்டு சைக்கிள்களும் பக்கம் பக்கமாகப் போயின. தங்கரத்தினம் வழி முழுக்க ஆறுதல் சொன்னார்.

“ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. எனக்கு அங்க எல்லாரையும் தெரியும்...”

பொலிஸ் வாசலில் சென்ட்ரி தெரிந்தது.

யோகமலரின் கால்கள் தாமாகவே நிலத்தில் ஊன்றின. இறங்கி உருட்டினாள்.

“...பெரியவரிட்டயும் கதைக்கிறன்...”

குரல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள்.

தங்கரத்தினம் இறங்கவில்லை!

ஏறி இருந்தபடியே இடது கையைச் சற்றுத் தூக்கினார். சென்ட்ரிக்காரன் பல்லைக் காட்டி, வழியை மறித்திருந்த தடியை உயர்த்தினான். சைக்கிள் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

யோகமலர் சைக்கிளோடு அங்கேயே நின்றாள். திரும்பி ஓடலாம். ஓடினால் புருஷன் லோஞ்சில். உள்ளே போகலாம். போனால்...

தங்கரத்தினம் திரும்பிப் பார்த்தார். “ஏன் நிண்டிட்டீங்கள்? வாங்க தங்கச்சி.”

போனாள். வேறு என்ன செய்வது?

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்துகொண்டு ஏதோ கேட்டார்.

“என்ன சொல்ல வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்.”

யோகமலர் தங்கரத்தினத்தைப் பார்த்தாள். அவள் சொல்வது இன்ஸ்பெக்டரின் காதுக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழி, கொலைகாரனின் வாய்!

தங்கரத்தினம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே சென்ட்ரியைப் பார்த்தார். அவருக்கு மெல்ல விளங்கியது.

“ஓ... நான் இறங்க மறந்திட்டன், என்ன?”

இன்ஸ்பெக்டருக்கு முன்னால்... சத்தமாக... தமிழில்!

“பயப்படாத. இவருக்கு ஒரு வசனமும் விளங்காது. ஆறுதலாக் கதை.”

'நீங்கள்' போய் 'நீ' வந்திருந்தது.

“வீரக்குட்டியர... நீங்களா?”

“வாய் நீண்டா ஆயுசு கட்டை. நான் என்ன செய்ய?”

“அதுக்கு எங்கட சைக்கிளா கிடைச்சது?”

“கிட்டக் கிடந்தது, எடுத்தனான். உன்ட மனிசனில எனக்கு ஒரு கோவமும் இல்ல.”

“நான் கத்துவன்.”

“கத்து. என்ன கத்திறாய் எண்டு மாத்தயா என்னட்டத்தான் கேப்பார்.”

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து மேசையில் தட்டினார். தங்கரத்தினம் பணிவாக இரண்டு வசனம் சொன்னார்.

“புருசன நினைச்சு அழுறா எண்டு சொல்லியிருக்கிறன். கொஞ்சம் அழு.”

சொல்லவே தேவையில்லை. அவள் அழுதுகொண்டுதான் நின்றாள். தன் கையாலாகாத்தனத்தை நினைத்து அழுதாள். படித்த பெண், கொலைகாரனின் வாயாலேயே கேட்டவள், உண்மை முழுவதும் தொண்டைக்குழியில் நிற்கிறது. ஊமை கூடக் கையைக் காட்டியாவது சொல்வான். இவளால் அதுவும் ஏலாது. கையைக் காட்டினால் அதற்கும் அவர்தான் விளக்கம் சொல்வார்.

ஜெட்டியில் லோஞ்சு ஊதியது.

“அவர விடச் சொல்லுங்க அண்ணன். உங்களக் கும்பிடுறன்.”

'அண்ணன்' என்று தன் வாயே சொன்னதைக் கேட்டு அவளுக்கு அருவருத்தது.

தங்கரத்தினம் யோசித்தார். பிறகு இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி நீளமாகச் சிங்களத்தில் பேசினார். நெஞ்சில் கை வைத்துப் பேசினார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. அவர் யோகமலரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“நேற்றுப் பொழுதுபட நீ வீட்ட வரக்குள்ள, நான் உன்ட மனிசன்ட தலைமாட்டில இருந்தனானா எண்டு கேக்கிறார்.”

“என்ன?”

“காய்ச்சல்காரனப் பாக்க வந்து, பின்னேரம் முழுக்க அவன்ட பக்கத்தில இருந்தனான் எண்டு சொல்லிப்போட்டன். வெளியில நிண்ட சைக்கிள ஆரோ எடுத்திருக்கான். எங்களுக்குத் தெரியாது.”

யோகமலருக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. அந்த மனிதன் அவளுடைய புருஷனைக் காப்பாற்றுகிறான். அதே வாயால் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறான்! இனிமேல் தங்கரத்தினத்துக்குச் சாட்சி கோணேஸ். கோணேசுக்குச் சாட்சி தங்கரத்தினம். ஒருவனைப் பிடித்து இழுத்தால் மற்றவனும் சேர்ந்து விழுவான்.

இல்லை என்றால் லோஞ்சு.

“ஓம்,” என்று தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

கோணேஸ் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். தங்கரத்தினத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினான். யோகமலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் சைக்கிளை உருட்ட, வீட்டுக்கு நடக்கும்போது கோணேஸ் சொன்னான். “பின்னேரம் முழுக்க என்ட தலைமாட்டில இருந்தவராம். காய்ச்சல்ல எனக்கு ஒண்டும் நினைவில்ல. கடவுள் மாதிரி மனுசன்.”

“ம்.”

“உன்ட முகம் ஏன் இப்பிடி இருக்கு? நான்தான் வந்திட்டனே.”

சொல்லிவிட நாக்குத் துடித்தது. விழுங்கினாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சும்மா போனதைச் சும்மா என்று சொல்லியே மாட்டிக்கொண்டவன். உண்மை தெரிந்தால் நாளைக்கே அவனுடைய முகம் ஊருக்குச் சொல்லிவிடும். இந்த இரகசியத்தோடு அவள் தனியாகத்தான் கிடக்க வேண்டும், காலம் முழுக்க.

“வீரக்குட்டியரக் கொலை செய்தவனப் பிடிப்பாங்களா மலர்?”

பிடிக்காமல் விடமாட்டேன் என்று இன்ஸ்பெக்டர் சபதமே போட்டிருந்தார். மறுநாளே வீடு வீடாக விசாரணை தொடங்கியது. சனம் தமிழில் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, தங்கரத்தினம் கூடவே போனார்... சம்பளம் வாங்காமல்!