படகின் நடு இருக்கை

அந்தத் துடுப்புப் படகில் மூன்று இருக்கைகள். பின்னால் டேன் மாமா உட்காருவார். முன்னால் அவர் மகன் ஆண்டர்ஸ். நடுவில் வாஃபிள் என்ற நாய்.

நாய் உட்காரும் அந்த இடம்தான் எலோடிக்கு வேண்டும்.

கோடை விடுமுறைக்கு அவள் அமெரிக்காவின் தென்கோடி லூசியானாவிலிருந்து வடக்கே மினசோட்டாவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை காலை மாமாவும் ஆண்டர்ஸும் படகில் ஆற்றோடு போய், தீவில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள். ஆனால் அந்தப் படகுக்கு ஒரு விதி உண்டு. சிறுவாய் பாஸ் என்ற வகை மீன் ஒன்றையாவது தன் கையால் பிடித்து, உயிரோடு ஆற்றில் திரும்ப விட்டவர்தான் ஏறலாம். மாமா மற்ற எல்லாவற்றிலும் இளகிய மனசுக்காரர், இதில் மட்டும் கறார்.

"நாய் எத்தனை மீன் பிடிச்சுது மாமா?" என்று கேட்டாள் எலோடி.

"ஒண்ணும் பிடிக்கலை. ஆனா பிடிச்சுடுவேன்னு ஒருநாளும் பீத்திக்கிட்டதில்லை," என்றார் மாமா.

வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் அவள் பீற்றிக்கொண்டது உண்மைதான். ஊரில் பெருவாய் பாஸ் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிறுவாய் என்றால் வாய்தானே சின்னது, இதில் என்ன பெரிய வித்தை என்று சொல்லியிருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

தினமும் விடிந்ததும் அவள் வீட்டை ஒட்டிய ஆற்றுக் குடாவுக்குப் போனாள். அங்கே நீர் அசையாது. அல்லி இலையும் பாசியும் மண்டிக் கிடக்கும். அவள் ஊர் மீன்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் பதுங்கியிருக்கும். தடித்த தூண்டில் நரம்பில் இரையாக ரப்பர் தவளையைக் கட்டி இலைகளுக்கு நடுவே வீசினாள். பாசி வந்தது. மறுநாளும் பாசிதான் வந்தது.

"தவளைக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா?" என்று கேட்டான் ஆண்டர்ஸ். அவன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். எலோடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை வீசினாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்துவிட்டது. வெயில் கொளுத்தியது. குடாவின் நீர் வெந்நீர் மாதிரி இருந்தது. எலோடி தண்ணீருக்குள்ளேயே கரையோரமாக நடந்து, பாறைகளுக்கு இடையே ஆறு சலசலத்து ஓடும் இடத்துக்குப் போனாள். ஆண்டர்ஸும் பின்னாலேயே வந்தான்.

அங்கே நீர் சில்லென்று இருந்தது. 'நான் மீனாக இருந்தால் அந்த வெந்நீரிலா கிடப்பேன்?' என்று நினைத்தாள். அப்போது காலில் எதுவோ வெடுக்கென்று கிள்ளியது.

குனிந்து கல்லைப் புரட்டினாள். இறால் உடம்பும் நண்டுக் கொடுக்குமாக ஒரு கிராஃபிஷ். கொடுக்கு எட்டாதபடி முதுகைப் பிடித்து லாகவமாகத் தூக்கினாள்.

ஆண்டர்ஸ் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "கீழ போடு, கடிச்சுடும்."

"எங்க ஊர்ல இதை நாங்கதான் கடிப்போம்," என்றாள் எலோடி.

பெரிய அண்டாவில் சோளமும் உருளைக்கிழங்கும் போட்டு அப்பா இவற்றைக் குவியலாக வேக வைப்பார். அதை நினைத்ததுமே அவள் நாக்கில் நீர் ஊறியது. இன்னொரு கல்லைப் புரட்டினாள். அதற்கடியிலும் ஒன்று இருந்தது. இவ்வளவு ருசியான சாப்பாடு இங்கே காலடியில் கிடக்கும்போது, எந்த மீன் குடாவுக்கு வந்து ரப்பர் தவளையைத் தின்னும்?

அவள் கையோடு கொண்டு வந்திருந்த தூண்டில் பெட்டியைத் திறந்தாள். பழுப்பு நிற ரப்பர் புழுக்கள் இரண்டு இருந்தன. ஒன்றைப் பல்லால் கடித்துக் குட்டையாக்கி, நுனியை இரண்டாகக் கிழித்தாள். இரண்டு கொடுக்குகள் தயார். ஆண்டர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, மெல்லிய நரம்பு போட்ட தன் தூண்டிலை அவளிடம் நீட்டினான்.

பெரிய பாறைக்கு மேல்பக்கம் வீசினாள். நீரோட்டம் இரையை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையின் பின்புறம் சேர்த்தது. அங்கே தரையோடு மெல்ல ஊர விட்டாள்.

வெடுக்கென்று ஓர் இழுப்பு.

எலோடி கிணற்று வாளியை இழுப்பதுபோல ஓங்கி இழுத்தாள். அவள் ஊர்ப் பழக்கம் அது. அங்கே ஒரு நொடி தாமதித்தாலும் மீன் பாசிக்குள் நுழைந்து சுற்றிக்கொள்ளும். நரம்பு படாரென்று அறுந்தது. மீனும் போச்சு, புழுவும் போச்சு.

"ஏன் அப்படி இழுத்தே? அது போய் ஒளிய இங்க பாசி எங்க இருக்கு?" என்றான் ஆண்டர்ஸ். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

எலோடி பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசிப் புழுவைக் கடித்தாள்.

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அந்த இழுப்பு வந்தது. ஓங்கி இழுக்கக் கைகள் பரபரத்தன. "பொறு, பொறு," என்று அவள் தன் கைகளுக்கே சொன்னாள். மீன் ஓடியது, அவள் நரம்பை விட்டுக்கொடுத்தாள். மீன் நீரைக் கிழித்துக்கொண்டு துள்ளியது, அவள் தூண்டிலைத் தாழ்த்தினாள். அது களைத்தபோது கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைச் சுற்றினாள். கை வலித்தது. ஆண்டர்ஸ் உதவ வந்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

கடைசியில் அது அவள் கைக்கு வந்தது. வெண்கல நிறம், சிவந்த கண்கள். ஆண்டர்ஸின் செருப்பைவிடச் சின்னது.

"இவ்வளவுதானா? நான் ஏதோ முதலைன்னு நினைச்சேன்," என்றாள் எலோடி. இருவரும் சிரித்தார்கள். தூண்டில் முள்ளை மெதுவாகக் கழற்றி, மீனின் தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி நீருக்குள் பிடித்திருந்தாள். வால் அசைந்தது. அடுத்த நொடி அவள் கை காலியாக இருந்தது.

சனிக்கிழமை காலை எலோடி நடு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாஃபிள் கரையில் நின்று, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தது. கொஞ்ச நேரம் அவளும் அதைப் பார்த்தாள். பிறகு தன் மடியைத் தட்டினாள். நாய் ஒரே தாவலில் ஏறியது. படகு ஆடியது.

"விதி என்ன ஆச்சு? அது ஒரு மீன்கூட பிடிக்கலையே," என்றார் மாமா.

"பிடிக்கலைதான் மாமா. ஆனா அது பீத்திக்கவும் இல்லையே," என்றாள் எலோடி.

மாமா சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.