கடைசி வந்தாச்சு

வீட்டுப் பக்கத்திலேயே நடை, மேடு பள்ளம் கிடையாது, வழி தவற வாய்ப்பே இல்லை, சுற்றி வந்து முடியும் பேக்கரியில் சூடாக டீ. டிரில் மாஸ்டர் தன் சனிக்கிழமை நடையைப் பற்றி ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லி ஆள் பிடிப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கழுத்து விசில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தபோது தங்கை பேக்கரி வாசலுக்கு வந்து சேர்ந்தாள். தங்கை என்றே அவளைச் சொல்லிக்கொள்வோம். யாருடைய தங்கை என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துத் தெருவில் புதிதாகக் குடிவந்திருப்பதாக மட்டும் சொல்லியிருந்தாள்.

"புதுசா? வாங்க, வாங்க. பயப்படாதீங்க, மாஸ்டர் தோப்புக்கரணம் எல்லாம் போடச் சொல்ல மாட்டார்" என்றபடி ஒருவர் மிட்டாய் நீட்டினார். மருந்துக்கடைக்காரர். உருண்டை முகம், எந்நேரமும் சிரிப்பு. அடுத்த நிமிடமே மாஸ்டரின் கரகரத்த குரலில், "வரிசை! வரிசை!" என்று அதட்டினார். கூட்டம் நிஜமாகவே வரிசையில் நின்றுவிட்டது. பிறகு கணக்கு டீச்சரின் கீச்சுக்குரலில், "ஐயோ, என் முட்டி!" என்றார். கணக்கு டீச்சர் அவர் முதுகில் ஒன்று போட்டார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தங்கை சிரிக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் உட்கார்ந்து, முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே காலம் தள்ளியவள் அவள். ஒரு ஹலோவில் ஆளைச் சொல்லிவிடுவாள். இந்த மனிதர் செய்வது வெறும் மிமிக்ரி இல்லை, குரலையே எடுத்துக்கொள்வது என்று அவளுக்குப் பட்டது. பிடிக்கவில்லை.

அவள் அங்கே வந்தது உடம்பு இளைக்க அல்ல. அவளுடைய அக்கா இந்தக் கூட்டத்தோடு நடந்துதான் செத்துப்போனாள்.

அக்கா தையல்காரி. பட்டனக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எவர் சட்டையில் பட்டன் தொங்கினாலும் நடுவழியில் நிறுத்தி, ஊசி எடுத்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் விடுவாள். இளைப்பு நோய்க்காரி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் மெல்லிய விசில் கேட்கும். அதனால் எப்போதும் பின்தங்கி வருவாள். அவளுக்காகக் கூட்டம் நிற்க வேண்டியிருக்கும்.

வழியில் ஒரே ஓர் இருட்டு இடம் உண்டு. ரயில் போவது நின்றுபோன பழைய சுரங்கம். நடுவில் ஒரு வளைவு இருப்பதால் அங்கே போனதும் முன்னாலும் வெளிச்சம் தெரியாது, பின்னாலும் தெரியாது. கண்ட ஆட்களும் உள்ளே புகுந்துவிடுகிறார்கள் என்று இரண்டு பக்கமும் கம்பிக் கதவு போட்டு, சாவியை நகராட்சி மாஸ்டரிடம் கொடுத்திருந்தது. எல்லோரும் உள்ளே வந்ததும் மாஸ்டர் இந்தப் பக்கக் கதவைக் கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டுவார். டார்ச்சோடு முன்னால் போய் அந்தப் பக்கக் கதவைத் திறப்பார். வேறு யாரும் டார்ச் அடிக்கக் கூடாது. பின்னாலிருந்து அடித்தால் முன்னால் போகிறவரின் நிழல் அவர் காலடியிலேயே விழுந்து, தரை தெரியாமல் கால் தடுக்கிவிடும். எல்லோரும் வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கடைசியாக வருபவர் வெளியே வந்ததும், "கடைசி வந்தாச்சு!" என்று கூவ வேண்டும். மாஸ்டர் பூட்டிவிடுவார். தலையை எண்ணுவது கிடையாது. அந்தச் சொல்தான் கணக்கு.

ஒருநாள் அந்தச் சொல் வந்தது. மாஸ்டர் பூட்டினார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அக்கா உள்ளே இருந்தாள்.

தனியாக வாழ்ந்தவள், தேட ஆளில்லை. சுரங்கத்துப் பக்கம் வேறு யாரும் போவதும் இல்லை. அடுத்த சனிக்கிழமை கதவைத் திறந்தபோதுதான் பார்த்தார்கள். கம்பியைப் பிடித்தபடி கிடந்தாளாம். உள்ளங்கையெல்லாம் துரு.

தங்கை தகவல் கிடைத்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. போலீஸ்காரர் அக்காவின் ஊசிப் பெட்டியைக் கையில் கொடுத்து, "கூவினது பொம்பளைக் குரல்தான்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. உங்க அக்காவே கூவிட்டு, எதையோ மறந்து மறுபடி உள்ளே போயிருக்காங்க" என்றார். செத்தவள் தலையிலேயே பழியைப் போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை. அன்று கூவியது யார் என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று பேக்கரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்துத் தங்கிவிட்டாள். கொஞ்சநாள் மூடிக் கிடந்த சுரங்கத்தின் சாவி மறுபடி மாஸ்டர் கைக்கு வந்ததும், இதோ, வந்துவிட்டாள்.

கால்வாய்க் கரையோரம் பேசிக்கொண்டே நடந்தார்கள். மருந்துக்கடைக்காரர் அவள் பக்கத்திலேயே வந்தார்.

"இங்க ஒருத்தங்க தவறிட்டாங்களாமே?" என்று தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. பட்டனக்கா. தங்கமான மனுஷி. அவங்க மூச்சுக்கு மருந்து என் கடையிலதான் வாங்குவாங்க." அவர் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் மாதிரித் தெரியவில்லை. "நான் அழுத மாதிரி இங்க யாரும் அழலை."

"அவங்க குரல் எப்படி இருக்கும்?"

அவர் வாய் தன்னால் திறந்தது. பழக்கதோஷம். "இப்படித்தான், கொஞ்சம் இழுத்து..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஆனால் தங்கைக்கு முதல் சொல்லே போதுமாக இருந்தது.

அது அக்காவின் குரல். நெஞ்சுக்குள்ளிருக்கும் விசில் உட்பட.

சுரங்க வாயில் வந்தது. வெளியே வெயில், உள்ளே ஈர மண் வாடை. "நான் கடைசியா வரேன்" என்றாள் தங்கை.

"முதல் தடவை பயமா இருக்கும்மா. நான் உங்களுக்கு முன்னாடியே போறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். மாஸ்டர் பின்கதவைப் பூட்டிவிட்டு விசில் ஊதிக்கொண்டு முன்னால் போனார். டார்ச் வெளிச்சம் வளைவில் திரும்பி மறைந்தது.

சுவர் வியர்த்திருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. முன்னால் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மருந்துக்கடைக்காரரின் காலடி மட்டும் அருகில் கேட்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்ற அளவுக்கு இருட்டு. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் வாசனை.

"ஏம்மா" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "மூச்சு வாங்குதா உங்களுக்கு?"

"இல்லையே."

"விசில் மாதிரிக் கேக்குதே."

தங்கைக்கும் கேட்டது.

பின்னாலிருந்து.

"நீங்கதானே கடைசி?" அவர் குரலில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது.

"நான்தான் கடைசி."

"அப்ப உங்க பின்னாடி யாரு?"

தங்கை திரும்பவில்லை. திரும்பினாலும் ஒன்றும் தெரியாது. அவள் கழுத்தருகே ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. விரல்கள். மடங்கியிருந்த காலரை மெதுவாக எடுத்து நேராக்கின. சிறுவயதில் பள்ளிக்குக் கிளம்பும்போது தினமும் அந்த விரல்கள் செய்த வேலை அது. தங்கைக்குப் பயத்தை மீறி அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

பிறகு அந்த விசில் அவளைக் கடந்து முன்னால் போனது.

மருந்துக்கடைக்காரர் நின்றுவிட்டார்.

"விடுங்க" என்றார். "சட்டையை விடுங்க."

அந்த விசில் அவருக்கு வெகு அருகில் கேட்டது.

"பட்டனக்கா... விளையாட்டுக்குத்தான்க்கா. உங்களால வாரா வாரம் லேட்டு, டீ ஆறிப்போகுதுன்னு எல்லாரும் முணுமுணுத்தாங்க. உங்க குரல்ல கூவினேன். டீ குடிச்சிட்டு, சாவி வாங்கி வந்து திறந்துவிட்டுச் சிரிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கடையிலிருந்து போன் வந்துச்சு, ஓடினேன். மறந்தே போச்சு. சத்தியமா மறந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?" கேட்டது தங்கைதான். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.



"அன்னைக்கு ராத்திரியே."

"ராத்திரியே வந்துச்சா?"

"சாவியைக் கேட்டா மாஸ்டர் ஏன்னு கேப்பாரே. ஊரே காறித் துப்பும். காலையில போகலாம்னு நினைச்சேன். காலையில... அதுக்குள்ள என்ன ஆகியிருக்குமோன்னு இன்னும் பயமாயிடுச்சு. மூச்சு மருந்தாவது பையில இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்மா. நான் கெட்டவன் இல்ல. கையைக் கொடும்மா. கொஞ்சம் கையைக் கொடு."

அவர் விரல்கள் இருட்டில் துழாவி அவள் மணிக்கட்டில் பட்டன. தங்கை உதறினாள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். வளைவு தாண்டி வெளிச்சம் தெரிந்தது. பின்னால் துணி இழுபடும் சத்தம் கேட்டது. நிற்காமல் நடந்து வெயிலுக்கு வந்தாள்.

மாஸ்டர் பூட்டும் கையுமாக நின்றார். கூட்டம் ஏற்கெனவே பேக்கரியைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது.

"கடைசி வந்தாச்சு!" என்றாள் தங்கை.

யாரும் அவள் வாயைப் பிடுங்கிச் சொல்ல வைக்கவில்லை. அவளே, தன் சொந்தக் குரலில், தெளிவாகச் சொன்னாள். பூட்டு விழுந்தது.

"மருந்துக்கடைக்காரரைக் காணோமே?" என்றார் மாஸ்டர்.

"கடை திறக்க முன்னாடியே ஓடியிருப்பாரு. இன்னைக்கு அவரு டீயும் எனக்குத்தான்" என்றார் கணக்கு டீச்சர்.

டீ வந்தது. தங்கை டம்ளரைக் கையில் எடுத்தாள். கிடக்கட்டும், நன்றாகக் கிடக்கட்டும் என்று மனம் கறுவியது. அதே மனம் கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் சொன்னது. டீ குடித்துவிட்டுத் திறக்கலாம் என்றுதானே அவனும் நினைத்தான்? டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாஸ்டர், சாவியோட வாங்க. ஒருத்தர் உள்ள இருக்கார். தெரிஞ்சுதான் நான் கூவினேன்."

மாஸ்டர் சாவியை எடுத்தார். வேறெதுவும் கேட்காமல் ஓடிவந்தார். கதவைத் திறந்து டார்ச் அடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார்கள். அந்தப் பக்கக் கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

வளைவில் ஒரு சட்டை மட்டும் கிடந்தது.

காலர் சீராக மடிக்கப்பட்டு, கழுத்துப் பட்டன்வரை எல்லாப் பட்டனும் போட்டபடி.

மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பட்டனும் புதுநூலால் துணியோடு துணியாக, திறக்கவே முடியாதபடி தைக்கப்பட்டிருந்தது. நூலின் நுனி பல்லால் கடித்த மாதிரி ஈரமாக இருந்தது. மாஸ்டர் அந்தச் சட்டையைக் கீழே போட்டுவிட்டு, விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்கை போலீசில் எதையும் மறைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னது, தான் கூவியது, எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டிய சுரங்கத்துக்குள் ஆளே இல்லாதபோது அவளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆள் ஊரை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதி முடித்தார்கள். அக்காவின் மேலிருந்த பழி மட்டும் நீங்கியது. சுரங்கத்தின் இரண்டு வாயையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

நடை நிற்கவில்லை. இப்போது ஏரிக்கரைப் பாதை. திறந்த வெளி, நல்ல வெயில், மேடு பள்ளம் கிடையாது. மாஸ்டர் தலையை எண்ணிவிட்டுத்தான் கிளம்புகிறார். இருந்தாலும் கடைசியாக நடப்பவர் கூவும் பழக்கம் போகவில்லை. கடைசியாக நடப்பவள் தங்கை.

போன சனிக்கிழமை பாதி வழியில் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "வரிசை! நில்லுங்க!"

தங்கை முன்னால் பார்த்தாள். மாஸ்டர் வெகுதூரம் முன்னே போய்க்கொண்டிருந்தார்.

பிறகு கணக்கு டீச்சரின் குரல். "ஐயோ, என் முட்டி! கொஞ்சம் நில்லேன்!" கணக்கு டீச்சர் அவளுக்கு நேர் முன்னால் வாழைப்பழம் உரித்துக்கொண்டு நடந்தார்.

தங்கை நடையை நிறுத்தவில்லை.

பிறகு யாரிடமும் இரவல் வாங்காத ஒரு குரல். முதல் நாள் மிட்டாய் நீட்டிய அதே ஆண் குரல். இளைத்து, இழுத்து, நெஞ்சுக்குள் விசிலடிக்க:

"அம்மா... கொஞ்சம் நில்லும்மா. நான் இன்னும் வரலம்மா."

எண்ணெய் வாசனை அடித்தது. கழுத்தருகே குளிர்ந்த விரல்கள் வந்து அவள் காலரை நேராக்கின. அந்த விரல்களுக்கு உரியவளுக்கு இப்போது மூச்சு வாங்கவே இல்லை.

பாதை முடியும் இடத்தில் மாஸ்டர் நின்று திரும்பிப் பார்த்தார்.

தங்கை கையை உயர்த்தி, ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"கடைசி வந்தாச்சு!"