முன்னறி ஆடு

கிடையில் முந்நூறு ஆடுகள் நின்றாலும் மந்திரமூர்த்தி தினமும் காலையில் சோதிப்பது ஒரே ஒரு ஆட்டைத்தான். மூச்சுமானியை அதன் மூக்கில் வைப்பான். பச்சை விளக்கு எரிந்தால் விளாத்திகுளம் வட்டாரத்தின் நாற்பது ஊர்களும் அன்றைக்குக் கதவைத் திறக்கும். மற்ற ஆடுகளை யார் பார்த்தார்கள்! அவற்றுக்கெல்லாம் தடுப்பூசி போட்டாயிற்று. இந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டுமென்றே போடவில்லை.

நுரைச்சுரம் ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தாவி ஊர் ஊராகத் துடைத்துப் போட்ட பிறகு வந்த ஏற்பாடு இது. பாழாய்ப்போன அந்தக் கிருமி அடிக்கடி உருவம் மாற்றும். ஊசி போட்ட ஆட்டுக்குள் எட்டு நாள் சத்தமில்லாமல் பதுங்கிக்கொண்டே பரவும். போடாத உடம்பை, ஆடானாலும் மனிதனானாலும், முதல் நாளே சாய்த்துவிடும். எல்லா ஆட்டையும் காப்பாற்றினால் எச்சரிக்கை கிடைக்காது. எதையும் காப்பாற்றாவிட்டால் ஆடே மிஞ்சாது. நிகர்க்கணிப்பி என்ற இயந்திரம் கூட்டிக் கழித்துச் சொன்ன விடை, வட்டாரத்துக்கு ஒரு கிடை, கிடைக்கு ஒரு ஆட்டை ஊசியில்லாமல் விட்டுவை என்பது. அந்த முன்னறி ஆட்டின் குட்டி, பிறகு அதன் குட்டி என்று அந்த வழி மட்டும் தடுப்பில்லாமலே வளர வேண்டும்.

மந்திரமூர்த்திக்கு அதில் மறுப்பே கிடையாது. "ஒண்ணு போனா போவுது, நாப்பது ஊரு பொழைக்கும்லா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் பேசுவான்.

அன்று நோய்க்காப்பு அலுவலர் ரோஸ்லின் வந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஆட்டின் ரத்தம் எடுப்பது வழக்கம். குழாயைக் கருவியில் செருகியவளின் முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணாச்சி, இதுக்கு யாரு ஊசி போட்டா?"

"என்ன மேடம், வெளையாடுதியளா? நான் எதுக்குப் போடுதேன்?"

குடிலிலிருந்து அவன் மனைவி ஆவுடை குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள். பிள்ளை பெற்று நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"நாந்தான் போட்டேன். ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு கெடா செத்துதுல்லா, அதுக்குப் போட வச்சிருந்த ஊசி மருந்து மிச்சம் கெடந்துச்சு. இது செனையா நின்னுச்சு, நானும் அப்ப நெறமாசம். மனசு கேக்கல."

"அடிப்பாவி!" மந்திரமூர்த்தி தலையில் கைவைத்தான். இரண்டு மாதமாக எரிந்த பச்சை விளக்குக்கு இனி என்ன அர்த்தம்? "சரி மேடம், வேற கிடையில இருந்து ஒரு ஆட்டக் கொண்டாந்துருங்க."

"கிடை விட்டுக் கிடை மாத்தக் கூடாதுன்னு தெரியும்லா. இங்க பொறக்கிற குட்டிக்கெல்லாம் தாய்ப்பால்லயே தடுப்பு எறங்கிரும். புதுசா ஒரு வழி உண்டாக்க ரெண்டு வருசம் ஆவும்."

"அதுவரைக்கும்?"

ரோஸ்லின் கருவியை அவனிடம் நீட்டினாள். 'கிடையில் தடுப்பில்லாத அடுத்த உடல்' என்ற வரிக்கு எதிரே பெயர் எதுவும் இல்லை. வயது மட்டும் இருந்தது: நாற்பது நாள். மனிதக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் தடுப்பு இறங்காது. தொண்ணூறாம் நாள்தான் ஊசி. முன்னறி ஆட்டின் இடத்துக்குப் போனால் அந்த ஊசி கிடையாது.

"எம்புள்ளையவா?" அவன் தன் கையை நீட்டினான். "என்னைய எடுத்துக்கோங்க மேடம்!"

"ஒங்களுக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சு அண்ணாச்சி. போட்டத எடுக்க முடியாது." அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "தகப்பன் கைரேகை இல்லாம மனுச உடம்பத் தொட முடியாது. நீங்க மாட்டேன்னா நான் போயிருவேன். ஆனா நாப்பது ஊரும் குருட்டுத்தனமா கெடக்கும். நுரைச்சுரம் இப்பமே வந்துட்டுதான்னுகூடத் தெரியாது."

முடியாது என்று கத்தத்தான் மந்திரமூர்த்தி வாயைத் திறந்தான். அதற்குள் கணக்கு தானாக மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. நாற்பது ஊர். அதில் அவன் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊர், அவள் பெற்ற மூன்றும். பள்ளிக்கூடம் போகிற அத்தனை பிள்ளைகளும். இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. நோய் வராமலே இரண்டு வருடம் போனாலும் போய்விடும். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது.

"என்ன யோசிக்கிய?" என்றாள் ஆவுடை.

அவன் தன் பெருவிரலைப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு ரோஸ்லின் பக்கம் திரும்பாமலே, புருசனை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.