குழாய்க்குள் இன்னொரு மூச்சு

ஸ்கேன் அறைக்குள் யாருமில்லை. பலகையைத் துடைத்து, புது விரிப்பு விரித்து, நோயாளி கையில் கொடுக்கிற ரப்பர் பந்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அந்தக் கனத்த கதவைத் தோளால் முட்டிச் சாத்திவிட்டுத்தான் அவள் வெளியே வந்திருந்தாள். வந்து, தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மெஷினை இயக்குகிற கன்சோலுக்கு முன்னால் உட்கார்ந்து, செருப்பிலிருந்து காலை உருவி, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். உள்ளே இருக்கிற ஆளின் பேச்சு வருகிற ஸ்பீக்கரிலும் யாரோ ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. மெஷின் சும்மா இருக்கும்போதும் சும்மா இருக்காது. காந்தத்தைக் குளிர வைக்கிற பம்ப் ஒன்று இரவு பகலாக, பல்லி கத்துகிற மாதிரி, ச்சிக், ச்சிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவள் காதுக்கு ஒரு சத்தமாகவே படுவதில்லை. இன்று அந்த ஒரு ச்சிக்குக்கும் அடுத்த ச்சிக்குக்கும் நடுவில், மூக்கடைத்த ஆள் வாயால் இழுக்கிற மாதிரி, ஈரமாக, நிதானமாக, ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

ஏ.சி.யாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இல்லாவிட்டால் ஒயர் எங்காவது லூசாகியிருக்கும். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளை மெஷின், நடுவே வட்டமாக அதன் வாய், உள்ளே மங்கலான விளக்கு. காலி.

"ஸ்தோத்திரம்," என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

அதுதான் அந்த சென்டரில் அவள் பெயரே. தும்மினாலும் ஸ்தோத்திரம், கரண்ட் போனாலும் ஸ்தோத்திரம், வந்தாலும் ஸ்தோத்திரம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் டெக்னீசியன்தான் அந்தப் பெயரை வைத்தார். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கடவுள் பேச்சை எடுத்தாலே சிரிக்கிற மனுஷர். "ஏய் ஸ்தோத்திரம், உன் ஆளு கிட்டச் சொல்லி இந்த பிரிண்டரைச் சரி பண்ணச் சொல்லு பாப்போம்" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். சிரித்துச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது மட்டும் சிரிப்பு வராது. உன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறானே, அவன் அழிந்துபோகிறான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, நாளைக்கு ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வாய்? அவள் குனிந்து பாயைப் பார்ப்பாள். நோயாளிகளிடம் மதம் பேசக் கூடாது என்று சென்டரில் சட்டம் இருக்கிறது என்று மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்வாள். அண்ணன் நோயாளி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் அவரே நோயாளி ஆனார்.

எத்தனையோ பேரை அந்தக் குழாய்க்குள் தள்ளியவர், தானே அதற்குள் படுத்தார். தலையைக் கூண்டில் பூட்டி உள்ளே அனுப்பியவள் அவள்தான். பாதி ஸ்கேனில் அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. கிண்டல் இல்லாத குரல். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்றே அவளுக்குத் தெரியாது. "ஸ்தோத்திரம்... உங்க சர்ச்சுல சொல்றாங்களே, செத்தப்புறம் ஒரு எடம். அது நெசமா? விளையாட்டுக்குக் கேக்கலம்மா." அவள் விரல் மைக் பட்டன்மேல் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷம் ஜெபித்துக் கேட்ட வாசல் தானாகவே திறந்து நின்றது.

அவள் பட்டனை அழுத்தி, "பேசாதீங்கண்ணே, தலை ஆடுது, படம் கலங்கிடும். இதோ முடியப்போகுது" என்றாள்.

வாய் பழகிய வார்த்தை. உள்ளே போகிற எல்லாரிடமும் எத்தனை பாக்கி இருந்தாலும் இதோ முடியப்போகுது என்றுதான் சொல்ல வேண்டும், உண்மையைச் சொன்னால் ஜனங்கள் மிரண்டு போவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வெளியே வந்தவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் அவ்வளவுதான்.

ட்ரிங்ங்ங் என்று மணி அடித்தது.

கன்சோலில் சிவப்பு விளக்கு. உள்ளே யாரோ பந்தை அழுத்தினால்தான் அது எரியும். அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பந்து கொக்கியில் தொங்கியது. லேசாக ஆடியது.

"என்ன ஸ்தோத்திரம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" ரிசப்ஷன் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கடைசி ஆள் வந்தாச்சு. யாருன்னு பாரு. நான் கிளம்பறேன், வாசல் ஷட்டரை பாதி இறக்கிட்டுப் போறேன், சரியா?"

அந்தப் பெண்ணின் பின்னால் நின்றது அண்ணி. அண்ணனின் மனைவி.

"என்னம்மா, மறந்தே போயிட்டியா? கருமாதிக்கு வந்ததோட சரி," என்று உள்ளே வந்தாள் அண்ணி. அவர் போனதிலிருந்து தலைவலியாம். "வாய் மட்டும் வலிக்கலைன்னு சொன்னேன், டாக்டர் சிரிக்கவே இல்ல. சிடுமூஞ்சி." கவுனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எந்தப் பக்கம்மா போடறது? முன்னால மூடினா பின்னால தொறக்குது. உங்கண்ணன் இத்தனை வருஷமா இந்தக் கண்றாவியைப் பாத்துட்டா வீட்டுக்கு வந்தாரு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, இன்னைக்கு வேண்டாமே. மெஷின் கொஞ்சம் சரியில்ல."

"அடப் போம்மா. மறுபடி யாரு என்னைக் கூட்டிட்டு வருவா? எனக்கு ஒண்ணும் பயமில்ல. அவரு படுத்த எடம்தானே." பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. கனவுல வந்தாரு. சிரிச்ச மொகம். நிம்மதியா இருக்காரும்மா. அந்த ஒரு நெனப்புலதான் நான் எழுந்து நடமாடிட்டு இருக்கேன்."

அவள் ஹெட்ஃபோனை மாட்டி, தலைக்கூண்டைப் பூட்டி, பந்தை அண்ணியின் கையில் வைத்தாள். பந்து சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி.

பலகை உள்ளே போனது. தலை, தோள், இடுப்பு. வெளியே மிஞ்சியது வெடிப்பு விழுந்த இரண்டு பாதங்கள் மட்டும். அவள் கதவைச் சாத்திவிட்டு நாற்காலிக்கு வந்தாள்.

ஸ்கேன் தொடங்கியது. டக் டக் டக் டக் என்று தகரத்தில் சுத்தியல் அடிக்கிற அந்தச் சத்தம் கண்ணாடியையும் தாண்டி நாற்காலிக் கால் வழியாக அவள் முதுகுத்தண்டில் ஏறியது. ஜன்னலில்லாத அந்த அறையில் சாயங்காலமா நடுராத்திரியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, அண்ணன் தலைக்குத் தடவுகிற தைலத்தின் வாசனை, மெதுவாக எழுந்து அவள் மூக்கருகில் வந்து நின்றது.

முதல் படம் திரையில் விழுந்தது. ஓரமெல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. ஆள் அசைந்தால் அப்படித்தான் வரும்.

"அண்ணி, அசையாதீங்க."

"நான் எங்கம்மா அசைஞ்சேன்? கட்டை மாதிரிதானே கெடக்கேன்."

இரண்டாவது படம். மண்டையோட்டின் வளைவு. அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல, இன்னொரு வளைவு. அது கலங்கல் இல்லை. தெளிவாக இருந்தது. பெரிய தலை. திறந்த வாய்.

சுத்தியல் சத்தத்துக்கு நடுவே ஸ்பீக்கரில் குரல் வந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி. "ஸ்தோத்திரம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெருப்பெல்லாம் இல்லம்மா. எடம்தான் இல்ல. திரும்பக்கூட எடமில்ல." மூச்சு. ஈரமான மூச்சு. "மணி அடிச்சுட்டே இருக்கேன். யாரும் வரல."

"அண்ணே..."

"இவகிட்டயாவது சொல்லு. இவ வந்துடக் கூடாது. சொல்லிடும்மா."

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். ஓடிவிடலாம். பலகையில் ஒரு மனுஷியை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? சொல்லிவிடலாம். எதைச் சொல்வது? நரகம் உண்டு என்று சொன்னால் அவர் அங்கே இருக்கிறார் என்றும் சொல்ல வேண்டும். அவர் நிம்மதியாக இருக்கிறார் என்ற அந்த ஒரு நினைப்பில்தானே அண்ணி எழுந்து நடமாடுகிறாள். சொல்லாவிட்டால், இவளும் அங்கே. அந்தப் பக்கம் போனாலும் சுவர், இந்தப் பக்கம் போனாலும் சுவர். அவளும் ஒரு குழாய்க்குள்தான் இருந்தாள். கை பட்டனைத் தேடியது.

"அண்ணி."

"அசையாதேன்னு சொல்லிட்டு நீயே பேச்சுக் குடுக்கறியேம்மா."

"நான் ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும். அண்ணன்கிட்டயே சொல்லியிருக்கணும். அவரு கேட்டாரு. நான் சொல்லல." அழுகை முட்டியது. ஆனால் இந்தத் தடவை வாய் நிற்கவில்லை. "கடவுள் நம்மை நேசிக்கிறாரு அண்ணி. இயேசு நமக்காகத்தான் செத்தாரு. அவரை வேண்டாம்னு போறவங்களுக்கு ஒரு எடம் இருக்கு. பயங்கரமான எடம். நீங்க அங்க போகக் கூடாது. இப்பவே, இந்த நிமிஷமே, நம்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என்கூடச் சேர்ந்து சொல்லுங்க அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன்."

டக் டக் சத்தம் நின்றது. ஒரு வரிசைப் படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வருகிற அந்த இடைவெளி. ச்சிக். ச்சிக்.

"அவரு அங்கயா இருக்காரு?"

அவள் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"கேக்கறேன்ல. சொல்லு."

"ஆமா அண்ணி."

"தனியாவா?"

"...ஆமா."

பிறகு அண்ணி பேசினாள். அழவில்லை. பிள்ளைக்குப் போர்வையைச் சரி செய்கிறவள் மாதிரி, சாதாரணமாகப் பேசினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் தனியாப் படுத்ததே இல்லம்மா. இருட்டுன்னா பயம் அவருக்கு. வெளிய காட்டிக்க மாட்டாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூக்கமே வரும்."

"அண்ணி, வேண்டாம். அப்படிப் பேசாதீங்க. உங்களை வெளிய எடுக்கறேன்."

"நீ நல்ல பொண்ணு. சொன்னியே, அதுவே போதும். உன் சாமிகிட்ட நீ போ." ஒரு சின்ன இருமல். "அவருகிட்டச் சொல்லு. கொஞ்சம் நகந்துக்கச் சொல்லு."

"வேண்டாம்னு சொல்லு!" ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி அண்ணன் குரல் அலறியது. "இவளை வேண்டாம்னு சொல்லு ஸ்தோத்திரம், வேண்டாம், வேண்டா..."

பலகையை வெளியே எடுக்கிற பட்டனைக் குத்தினாள். மறுபடி குத்தினாள். அசையவில்லை. அறைக் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். உள்ளிருந்து யாரோ அதே பலத்தோடு பிடித்திருந்தார்கள்.

அலறல் நின்றது.

மூச்சு மட்டும். ஒன்று அண்ணியுடையது. இன்னொன்று அவருடையது. அவருடைய மூச்சு மெதுவாகத் தணிந்தது. பயந்த பிள்ளை பக்கத்தில் ஆள் வந்ததும் தணிகிற மாதிரி.

அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தாள். குழாயின் வாயில் அண்ணியின் வெடிப்பு விழுந்த பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில், விளக்கு எட்டாத நிழலில், கறுத்துப்போன பெரிய பாதங்கள் இரண்டு.

பெரிய பாதங்கள் மெல்ல ஒதுங்கி இடம் விட்டன.

பிறகு நான்கும், ஒன்றையொன்று உரசிக்கொண்டு, உள்ளே போயின.