உப்புமுள் தீவின் நாய்கள்

படகைத் துரத்தி நீந்திவந்த அந்த நாய் கடைசிவரை படகை எட்டவில்லை. கைப்பேசிப் படத்தில் அதன் தலை அலைக்கு மேலே எழுவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு பெரிய அலை புரண்டு போன பிறகு தலையே தெரியவில்லை. அதற்கும் பின்னால், ஆள் குடியில்லாத உப்புமுள் தீவின் கரை நெடுக நாய்கள் நின்று கடலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன.

படம் எடுத்தவர் தேவசகாயம். மீன்பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் கண்டதை அவர் நேராக ஜெனோவாவிடம்தான் கொண்டுவந்து காட்டினார். தூத்துக்குடிக் கடற்கரையில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். கால்நடை மருத்துவர் ஹிதாயத்தும் அவளும் சேர்ந்து ஒரு சிறிய குழு நடத்திவந்தார்கள். வெளியூர்க்காரர்கள் விடுப்பு போட்டுவிட்டு வருவார்கள். காலையில் கடலில் துடுப்பு போடுவார்கள், மாலையில் தெருநாய்களைப் பிடித்துத் தடுப்பூசி போட உதவுவார்கள். பாதி உல்லாசம், பாதி ஊழியம்.

சுற்றுலாக் கூட்டம் வரும் நேரத்தில் கடற்கரை சுத்தமாக இருக்க வேண்டுமென்று யாரோ அந்த நாய்களை அள்ளிப் படகில் ஏற்றித் தீவில் கொட்டியிருக்கிறார்கள். யாரென்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒன்று எல்லோருக்கும் தெரியும். உப்புமுள் தீவில் சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது.

ஹிதாயத் வனத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து அனுமதி வாங்கினார். மறுநாள் விடியலில் தேவசகாயத்தின் படகு புறப்பட்டது. அந்த வாரம் சென்னையிலிருந்து வந்திருந்த முரளிதரனும் ஏறிக்கொண்டான். இது விளையாட்டு இல்லை, கரையிலேயே இருங்கள் என்று மருத்துவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தண்ணீர் கேனையாவது தூக்குகிறேன் என்று அவன் இறங்க மறுத்துவிட்டான்.

தீவைச் சுற்றிலும் பார் இருந்தது. கடலுக்கடியில் கத்திபோல் நிற்கும் பவளப் பாறை அது. பெரிய படகு தாண்டினால் அடிவயிறு கிழிந்துவிடும். தேவசகாயம் பாருக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க, மற்ற மூவரும் கயாக்குகளில் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. பாரின் மேல் அலை உடைந்த இடத்தில் முரளியின் கயாக் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஜெனோவா தன் கயாக்கைத் திருப்பிப் போய், அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். பாறை கிழித்த முழங்காலிலிருந்து இரத்தம் வழிய வழிய அவன் மறுபடி ஏறித் துடுப்பு போட்டான்.

கரையில் கால் வைத்ததும் அழுகல் நாற்றம் அடித்தது. நாயின் விலா எலும்புகள் மணலில் கிடந்தன. அவற்றைக் கடித்துத் தின்றிருப்பது வேறு நாய்கள் என்பது ஜெனோவாவுக்குப் பார்த்ததுமே புரிந்தது.

முரளி ஒரு கேனைத் திறந்து தட்டில் தண்ணீர் ஊற்றினான். அந்தச் சத்தம் போதுமாக இருந்தது. உடைமர முட்புதர்களுக்குள்ளிருந்து நாய்கள் பாய்ந்து வந்தன. தோலும் எலும்புமாக, வெள்ளை படிந்த நாக்கோடு, குரைக்கக்கூட வலுவில்லாமல் வந்தன. முன்னால் வந்தது ஒரு பெரிய செவலை நாய். தட்டை நெருங்கிய கறுப்பு நாயின் கழுத்தை அது கவ்வி உதறியது. கறுப்பு நாய் ஒருமுறை கத்தியது, அதோடு சரி. மற்றவை அதன் உடம்பை மிதித்துக்கொண்டு தட்டின் மேல் விழுந்தன. விலக்கப் போன முரளியின் முன்கையில் செவலையின் பற்கள் இறங்கின. அவன் அலறிக்கொண்டு மண்டியிட்டான். நாய் விடவில்லை.

ஜெனோவா துடுப்பை ஓங்கி அதன் முதுகில் அடித்தாள். இன்னொரு முறையும் அடித்தாள். நாயை அடிப்பவனைக் கண்டால் தெருவென்றும் பாராமல் சண்டைக்குப் போகிறவள் அவள். இப்போது தன் கையாலேயே, தாகத்தில் சாகக் கிடந்த பிராணியை அடித்தாள். மூன்றாவது அடியில் செவலை பிடியை விட்டுப் புதருக்குள் ஓடியது.

ஒரே இடத்தில் ஊற்றியதுதான் தப்பு என்றார் ஹிதாயத். மணலில் தள்ளித் தள்ளிப் பல குழிகள் தோண்டி, தார்ப்பாய்த் துண்டுகளை விரித்துத் தண்ணீர் நிரப்பினார்கள். ஆளுக்கொரு குழி கிடைத்ததும் நாய்கள் சண்டையை மறந்தன. நக்கிக் குடிக்கும் சத்தம் கரை முழுவதும் கேட்டது. செவலை மட்டும் தூரத்திலேயே நின்றது. அதை மயக்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் ஊதுகுழலில் ஓர் ஊசியைத் தயார் செய்து வைத்தார்.

முரளியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே அவர் ஜெனோவாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாய்ங்க மேல இருக்கிற காயத்தப் பாத்தீங்களா? பல்லு பட்ட காயம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் இரும்புக் கம்பி. அந்த வெள்ளைக்குத் தோள்ல ஈட்டி முனை முறிஞ்சு நிக்குது. இங்க வேற ஆளு இருக்கு."

மேற்குப் பக்கம் உடைமரங்களுக்கு மேலே மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

மருத்துவர் கட்டுப் போடும் நேரத்தில் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஜெனோவா கிளம்பினாள். முட்களுக்குள் குனிந்து போனவள் ஒரு மேட்டின் மறைவில் நின்றாள். கீழே தகர டிரம் ஒன்று அடுப்பில் கொதித்தது. பக்கத்தில் கறுத்துச் சுருங்கிய கடலட்டைகள் மணலில் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிவைத்த மூட்டைகள் மனித உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பிடிப்பதே குற்றமான சரக்கு. கடல் தாண்டிப் போனால் பொன்னாகிவிடும் புதையல்.

டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ரூபர்ட். அவளுடைய தெருக்காரன், அவளுக்கு மூச்சடக்கி முங்கக் கற்றுக்கொடுத்தவன்.

"ஏட்டி ஜெனோ, நீ எதுக்குட்டி இங்க வந்த?" அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "போயிரு. நீயும் ஒண்ணும் பாக்கல, நானும் பாக்கல. சீக்கிரம் போ."

அவள் திரும்புவதற்குள் பின்னாலிருந்து ஒருவன் அவள் பின்னலைப் பிடித்து, கீழே அடுப்புவரை இழுத்துப் போனான். கோட்டைச்சாமி என்று ரூபர்ட் அவனைக் கெஞ்சிக் கூப்பிட்டான். தெரிந்த பெண், விட்டுவிடு என்றான். கோட்டைச்சாமியின் கையிலிருந்த இரும்புக் கம்பியில் நாய் மயிர் ஒட்டியிருந்தது.

"இவ உசிரோட கரைக்குப் போனா நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் செயில்ல கெடப்போம்ல. தள்ளுல அங்குட்டு."

கம்பி இறங்கியது. தலைக்கு வந்ததை ஜெனோவா இடதுகையால் தடுத்தாள். எலும்பு முறியும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்த வேகத்தில் காலை மடக்கி அடுப்பின் மேலிருந்த டிரம்மை உதைத்தாள். கொதிநீர் கோட்டைச்சாமியின் கால்களில் பாய்ந்தது. அவன் போட்ட ஓலத்தில் பறவைகள் எழும்பின. அவள் எழுந்து ஓடினாள். முள் கிழித்தது, கை தொங்கியது, எதுவும் உறைக்கவில்லை. பின்னாலிருந்து கோட்டைச்சாமி எறிந்த ஈட்டி அவள் காதோரம் காற்றைக் கிழித்துப் போய் மரத்தில் தைத்து நின்றது.

வெந்த காலோடும் அவன் துரத்தி வந்தான். கரையில் அவனைக் கண்டதும் நாய்கள் வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு சிதறி ஓடின. ஹிதாயத் நாய்பிடிக்கும் கம்பு வலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார். கம்பி அவர் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் கண்ணில் வடிய அவர் வலையை அவன் தலைவழியே போட்டு இழுத்தார். முரளி நல்ல கையால் துடுப்பைச் சுழற்றி முழங்கால்களில் ஓர் அடி வைத்தான். கோட்டைச்சாமி மணலில் விழுந்தான். கம்பி கையை விட்டுப் போனது.

முடிந்தது என்று ஜெனோவா மூச்சு விட்டாள். ஆனால் முடியவில்லை.

ஓடிய நாய்கள் நின்றன. திரும்பிப் பார்த்தன. இத்தனை நாள் தங்களை அடித்துக் கொன்றவன் இப்போது கீழே, கை கால் சிக்கிக் கிடந்தான். செவலை முதலில் வந்தது. அதன் பின்னால் மற்றவை வளைத்துக்கொண்டு வந்தன. ஒரு நாய் அவன் வெந்த காலைக் கவ்வி இழுத்தது. இன்னொன்று தொடையில் விழுந்தது. வலைக்குள்ளிருந்து அவன் "ஆத்தா, ஆத்தா" என்று கத்தினான்.

ஒரு கணம் ஜெனோவா அசையவில்லை. கிடந்து சாகட்டும் என்று அவள் மனம் சொன்னது. அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. அடுத்த கணம் அவள் போய் அவன் மேல் கால்களை அகட்டி நின்றாள். ஒற்றைக் கையால் துடுப்பைப் பிடித்து, தன் நாய்களைத் தானே அடித்தாள். மூக்கில், தோளில், விலாவில். செவலை அவள் தொண்டையைப் பார்த்து எழும்பியது. துடுப்பைக் குறுக்கே கொடுத்தாள். அதன் பற்கள் கட்டையில் மோதின. அப்போது ஊதுகுழல் ஊசி செவலையின் தொடையில் தைத்தது.

"மருந்து ஏற நேரமாகும், தாக்குப் பிடிங்க" என்றார் ஹிதாயத். அவருக்கு நிற்கவே முடியவில்லை.

அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு ஒரு யுகம். துடுப்பு முறிந்தது. கெண்டைக்காலில் பல் இறங்கியது. அப்போதுதான் ரூபர்ட் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தான். அவன் வள்ளம், பாருக்கு நடுவே சிறு படகு மட்டும் நுழையும் மேற்குக் கால்வாயில் தயாராக நின்றது. ஏறிப் போயிருந்தால் யாரும் பிடித்திருக்க முடியாது. அவன் கோட்டைச்சாமியின் மேல் குப்புற விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டான். அவன் முதுகையும் நாய்கள் கிழித்தன. கடைசியில் செவலையின் பின்னங்கால்கள் தள்ளாடின. அது உட்கார்ந்தது, பிறகு சாய்ந்தது. தலைமை சாய்ந்ததும் கூட்டத்தின் வெறி வடிந்தது. முரளி குழிகளில் மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு, நாய்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின.

ஜெனோவா முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

மருத்துவர் கைப்பேசியில் சொன்ன தகவல் கிடைத்துக் கடலோரக் காவல்படை வரும்போது உச்சி வெயில். கடலட்டை மூட்டைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ரூபர்ட்டின் வள்ளத்திலும் தேவசகாயத்தின் படகிலுமாக உயிரோடிருந்த நாய்கள் அத்தனையும் கரைக்குப் பயணமாயின. செய்தி முந்திக்கொண்டது, சாயங்காலம் துறைமுகத்தில் ஊரே திரண்டு நின்றது. நேற்று வாய் திறக்காதவர்கள்கூடத் தண்ணீர் வாளியோடு வந்து நாய்களை இறக்க உதவினார்கள். முரளியை யாரோ தோளில் தூக்கினார்கள். கட்டுப் போட்ட கையை உயர்த்திக்கொண்டு அவன் சிரித்தும் அழுதும் திணறினான்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே அறையில்தான் நாய்க்கடி ஊசி போட்டார்கள். காவலர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜெனோவா அவரிடம் இரண்டையும் சொன்னாள்: ரூபர்ட் கடலட்டை பிடித்ததையும், ஓடிப் போகாமல் திரும்பி வந்ததையும். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கட்டிலில் விலங்கோடு கிடந்த கோட்டைச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அவன் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, கையில் மாவுக்கட்டோடு அவள் அந்த நாய்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போனாள். மற்ற நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு கம்பிக்கு வந்தன. செவலை மூலையிலிருந்து அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. சென்னையிலிருந்து மறுபடி வந்து அவளோடு கூடப் போயிருந்த முரளிக்கு மனசு தாங்கவில்லை.

"இவ்ளோ பண்ணியும் இதுக்கு உங்க மேல பாசமே இல்லையே" என்றான்.

"நான் அடிச்ச அடி அதுக்கு ஞாபகம் இருக்கும்லா" என்றாள் ஜெனோவா. "பாசமா இருந்தாத்தான் தண்ணி குடுப்போம்னு நம்ம போகலையே."

கிண்ணத்தை நிரப்பி உள்ளே தள்ளிவிட்டு, அது பயமில்லாமல் குடிக்கட்டும் என்று அவள் முரளியையும் இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.