தேன் எத்தனை கரண்டி?

கீழ்வீட்டு எலெனியை அழவைக்க வேண்டும் என்று கஜந்தினி கனவிலும் நினைத்ததில்லை. இருந்தும் அந்தச் சனிக்கிழமை காலையில், யோசியாமல் சொன்ன ஒரு சொல்லால் அழவைத்துவிட்டாள்.

மொன்றியலில், லாசால் பக்கத்தில், ஒரு மாடிவீடு. மேலே கஜந்தினியின் குடும்பம். கீழே எலெனியின் குடும்பம். எலெனியின் பெற்றோர் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றிலிருந்து வந்தவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் பத்து வயது, ஒரே வகுப்பு. தங்களுக்குள் பிரெஞ்சில்தான் வளவளப்பார்கள். உங்களுக்காக அதைத் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த தை மாதத்தில் எலெனியின் அம்மா சோஃபியா இறந்துபோனார். பள்ளிக்கூடம் விட்டதும், தன் அம்மா வேலையிலிருந்து வரும்வரை கஜந்தினி இருந்தது அந்த சோஃபியா அன்ரியிடம்தான். அதனால் துக்கம் கீழ்வீட்டோடு நிற்கவில்லை. மேல்வீட்டுக்கும் வந்துவிட்டது.

அன்று கிரேக்கர்களின் ஈஸ்டருக்கு முதல் நாள். கஜந்தினி கீழே போனபோது எலெனி சமையலறை மேசையில் ஒரு டப்பா சீஸ், முட்டைகள், ஒரு போத்தல் தேன் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள்.

"என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டாள் கஜந்தினி.

"மெலோபிட்டா. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அம்மா செய்யிறது."

கஜந்தினிக்கு அது தெரியும். உப்பில்லாத வெள்ளைச் சீஸோடு முட்டையும் தேனும் கலந்து சுட்டு, மேலே கறுவாப்பட்டைத் தூள் தூவுவார்கள். ஆண்டுதோறும் ஒரு தட்டு மேல்வீட்டுக்கும் வரும்.

"அப்பா இந்த வருசம் ஈஸ்டர் வேண்டாம் எண்டிட்டார்," என்றாள் எலெனி. "அவர் இப்ப மேசையிலை இருந்து சாப்பிடுறேல்லை. துறைமுகத்திலை லொறியை விட்டிட்டு வந்து, சிங்குக்குப் பக்கத்திலை நிண்டபடி ரெண்டு துண்டு பாணைக் கடிச்சிட்டுப் போய்ப் படுத்திடுவார். மேசையிலை நான் தனியத்தான். இதைச் செய்து வைச்சா நாளைக்கு என்னோட இருந்து சாப்பிடுவார்."

இந்த இடத்தில் கஜந்தினி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தோழிக்கு நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

"எலெனி, செத்த வீட்டிலை ஒரு வருசத்துக்கு இனிப்புச் செய்யக்கூடாது."

"ஏன்?"

"செத்தவைக்கு அது மரியாதை இல்லையாம். பெரியப்பா செத்தப்ப அவையின்ர வீட்டிலை ஒரு பலகாரமும் சுடேல்லை."

எலெனியின் முகம் வாடிப்போயிற்று. "அப்ப நான் இதைச் செய்தா அம்மாவுக்கு நோகுமா?"

எலெனி முட்டைகளை ஒவ்வொன்றாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். சீஸையும் வைத்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கினாள். கஜந்தினி அவள் முதுகைத் தடவினாள். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

கஜந்தினி மேலே போனபோது அவளுடைய அம்மா யோகராணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சித்திரை வருடப்பிறப்பு. நடந்ததைக் கேட்டதும் அவருடைய கை நின்றுவிட்டது.

"அது எங்கட வழக்கம் பிள்ளை. அவையின்ர வழக்கம் என்னெண்டு எங்களுக்குத் தெரியுமே? ஏன் போய்ச் சொன்னனீ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், இந்தமுறை கீழ்வீட்டுக்குப் பலகாரம் குடுக்கப்படாது, அது துக்க வீடு எண்டு."

அம்மா எண்ணெய்ச் சட்டியில் கிடந்த முறுக்கைத் திருப்பிப் போட்டார். அவரும் நல்லதென்று நினைத்துத்தான் சொல்லியிருந்தார்.

கஜந்தினிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. "அம்மா, போன வருசம் பெரியம்மா வீட்டிலை ஒண்டும் சுடேல்லை. ஆனா நாங்கள் ஒரு வாளி முறுக்குக் கொண்டு போனனாங்கள். அது ஏன்?"

"அவை சுடக்கூடாது எண்டதுக்காக வாய்க்கு ருசியா ஒண்டும் தின்னாமல் இருக்கிறதே? சுத்தவர இருக்கிறவைதான் செய்து கொண்டுபோய்க் குடுக்கிறது."

"அப்ப எலெனிக்குச் சுத்தவர ஆர் இருக்கினம்?"

அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டார். முந்தானை நுனியால் கண்ணைத் துடைத்தார். அடுப்பை நிறுத்தினார்.

"போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. சீஸையும் தேனையும் கொண்டு வரச்சொல்லு."

கஜந்தினி ஓடினாள். எலெனி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தாள்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எலெனி. அது எங்கட ஆக்களின்ர வழக்கம். அதிலையும் பாதியைத்தான் சொன்னனான். பக்கத்து வீட்டுக்காரர் செய்து குடுக்கவேணும், அதுதான் மற்றப் பாதி. வா, எங்கட அவன் அடுப்பிலை சுடுவம்."

எலெனி மூக்கை உறிஞ்சினாள். "உங்கட அவன் அடுப்பு வேலை செய்யுமா?"

நியாயமான கேள்வி. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் அந்த அவன் அடுப்பை யாரும் மூட்டியதில்லை. அதற்குள் சட்டிபானைகள் குடியிருந்தன. அம்மா தோசைக்கல்லை வெளியே எடுத்தார். இடியப்பத் தட்டுகளை எடுத்தார். மூடியில்லாத இரண்டு சட்டிகளை எடுத்தார். போன வருடம் வீடெல்லாம் தேடிக் கிடைக்காத கஜந்தினியின் சாப்பாட்டுப் பெட்டியும் வந்தது.

"இதைத் துலைச்சதுக்கு எனக்குப் பேச்சு விழுந்தது," என்றாள் கஜந்தினி.

"கதையை விட்டிட்டு முட்டையை உடை," என்றார் அம்மா.

எலெனி லேசாகச் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்திக்கொண்டாள்.

சீஸ் முழு டப்பா. முட்டை நாலு. மா இரண்டு கரண்டி. இதெல்லாம் எலெனிக்குத் தெரிந்திருந்தது. தேன் போத்தலைத் திறந்ததும் அவள் கை தயங்கியது.

"தேன் எத்தனை கரண்டி எண்டு தெரியாது. அம்மா அளக்கிறேல்லை. ருசியை வைச்சுத்தான் விடுவா."

"அப்ப ருசி பாரன் பிள்ளை," என்றார் அம்மா. கஜந்தினி அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"ஏலாது. ஈஸ்டர் வரைக்கும் விரதம். பாலும் முட்டையும் வாயிலை வைக்கக்கூடாது. அம்மாவும் விரதம்தானே? அவவும் ருசி பார்க்கிறேல்லை."

அப்படியானால் யார்? இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முதல் நாள் சோஃபியா அன்ரி கரண்டியை நீட்டியது கஜந்தினியிடம்தான். "காணுமா?" என்று கேட்பார். காணாது என்றால் இன்னும் கொஞ்சம் தேன் விடுவார். இந்த உலகத்தில் அந்த அளவு தெரிந்த நாக்கு இப்போது ஒன்றுதான் இருந்தது.

"உன்னட்டை மட்டும் கேக்கிறா எண்டு எனக்கு அம்மாவோட கோபம் வாறது," என்றாள் எலெனி. "ஒருநாள் கதவை அடிச்சுச் சாத்தினனான்."

கஜந்தினி கரண்டியை எடுத்தாள். எலெனி மூன்று கரண்டி தேன் விட்டுக் கலக்கினாள்.

"காணாது."

இன்னும் ஒன்று.

"இன்னும் காணாது."

இன்னும் ஒன்று. கஜந்தினி கண்ணை மூடி வாயில் வைத்தாள். "கிட்ட வந்திட்டுது. அரைக் கரண்டி விடு."

விட்டாள். கஜந்தினி மறுபடி ருசி பார்த்தாள். சோஃபியா அன்ரி இனி ஒருநாளும் கரண்டி நீட்டமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. கரண்டியை வாயில் வைத்தபடியே விம்மினாள்.

"பிழைச்சுப் போச்சா?" என்று பயந்து கேட்டாள் எலெனி.

கஜந்தினி தலையை இல்லையென்று ஆட்டினாள். "இதுதான். இதேதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் கீழே இறங்கினார்கள். எலெனி மெலோபிட்டாத் தட்டைப் பிடித்திருந்தாள். கஜந்தினியின் அம்மாவின் கையில் முறுக்கு. எலெனியின் அப்பா ஸ்தாவ்ரோஸ் சவரம் செய்யாத முகத்தோடு சிங்குக்குப் பக்கத்தில் நின்றார். மேசையில் தட்டு வைக்கப்பட்டதும் அவர் கையிலிருந்த பாண் துண்டு அப்படியே நின்றது.

"ஆர் செய்தது?"

"நாங்கள்," என்றாள் எலெனி.

"அம்மா ஒண்டும் எழுதி வைக்கேல்லையே. அளவு எப்பிடித் தெரியும்?"

எலெனி கஜந்தினியைக் காட்டினாள். "இவளுக்கு ஞாபகம் இருந்தது அப்பா."

அவர் ஒரு சிறு துண்டு வெட்டி, நின்றபடியே வாயில் வைத்தார். மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். அவருடைய தோள்கள் குலுங்கின. துறைமுகத்தில் பெரிய பெரிய லொறிகளை ஓட்டுகிற அந்த மனிதர் சின்னப் பிள்ளையைப் போல அழுதார். எலெனியும் அழுதாள். கஜந்தினியின் அம்மா யாரையும் சமாதானப்படுத்தவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் மேசையிலிருந்து கொஞ்சம் இழுத்துவிட்டார்.

ஸ்தாவ்ரோஸ் அதில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மகளை இருத்தினார். இன்னொரு துண்டு வெட்டி அவளுக்கு ஊட்டினார். பிறகு ஒரு தட்டை எடுத்து மகளிடம் நீட்டி, "எனக்கும் இன்னொண்டு வையம்மா," என்றார்.